காற்று இல்லாத நாள்

இபாஞ்யெஸ் படகுத்துறையில்
காற்றில்லாத நாள் என்பது
வருடத்துக்கு நாலோ ஐந்தோ.
அதில் ஒன்றாகப் பார்த்து
வண்டியைக் கீழே போட்டேன்.

வேகம் என்று சொன்னால் வேகத்துக்கே வெட்கம்.
வரிசை ஒரு லாரி நீளம் நகர்ந்தது.
நானும் நகர்ந்தேன், நின்றேன்,
இடது காலை ஊன்றினேன்.
தரை இருக்கவேண்டிய இடத்துக்கு
ஒரு சாண் கீழே இருந்தது தரை.

அப்புறம் எல்லாம் நிதானமாகத்தான் நடந்தது.
நூற்றைம்பது கிலோ
சம்மதம் கேட்பதுபோல் என் தொடையில் சாய்ந்தது.
முடியாது என்றேன்,
முழங்காலால், இடுப்பால், பல்லைக் கடித்து.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அது படுத்துக்கொண்டது.

பின்சக்கரம் யாருக்காகவோ
சுற்றிக்கொண்டிருந்தது.
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
அதற்குப் பிறகு வந்ததே ஓர் அமைதி,
அதற்குள் பதினோரு கார்கள், ஒரு பேருந்து,
உலிசெஸ் மன்சீயாவின் லாரி.
லாரியிலிருந்த செம்மறி அத்தனையும்
என்னையே பார்த்தன.

வேறொரு நாளென்றால்
'காற்று' என்று ஒரு சொல் போதும்.
இங்கே எல்லாப் பழியும் காற்றின் தலையில்தான்:
பறந்த கூரை, வராத கடிதம், முறிந்த கல்யாணம்.
இன்று பார்த்து ஏரி
துடைத்து வைத்த தட்டு.
கம்பத்தில் கொடி, காயப்போட்ட துணி.

உலிசெஸ் இறங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.
அதற்கே அவருக்கு ஒரு காபி வாங்கித் தரலாம்.
இருக்கைக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி
பின்னோக்கி நடந்தேன்.
அந்தப் பக்கம் போய் விழாமல்
அவர் பிடித்துக்கொண்டார்.

பெட்ரோல் இரண்டு மிடறு போயிருக்கும்;
சரளைக்கல் மேல் சின்ன வானவில்.
கண்ணாடி என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்
திரும்பிக்கொண்டிருந்தது.
கிளட்ச் பிடியின் நுனி உருண்டையைக் காணோம்,
துறை நாய் எதையோ மோந்துகொண்டிருந்தது, அதுதான்.
கியர் மிதி உள்ளே மடங்கி
எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்க
உலிசெஸ் ஆட்டுக்கயிற்றை மாட்டி இழுத்தார்,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
போதும்.
கைப்பிடி நேராக இருக்கிறதா என்று
எதிரே நின்று பார்த்தேன்.
நேர்தான். இல்லை, நான்தான் அன்று
கோணலாக நின்றேனோ என்னவோ.

டாங்க் ஓரத்தில் புதுக் கீறல்.
எவ்வளவு ஆழம் என்று தடவும்போது
விரல்நகம் வேறொன்றில் தட்டியது.
பழைய கீறல்.
மேலே சிவப்பு பூசி மறைத்தது.
வண்டியின் சிவப்பு இல்லை,
ரோஜாப் பக்கம் சாய்ந்த சிவப்பு,
உற்றுப் பார்த்தால் மினுக்கம்.
நகப்பூச்சு!

ரிகோபெர்த்தோ கார்கமோ,
கொய்ஹாய்க்கே பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர்,
சாவியை என் கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டுச் சொன்னாரே:
"ஒரு தடவைகூட விழுந்ததில்லை, செனியோரா நெலிதா."
அகலமான மீசை.
ஒரு பொட்டு மண் ஒட்டாத மீசை.
அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார்.
கைகளை ஏன் அப்படி
ஏப்ரனுக்குள் வைத்திருந்தார் என்பது
மூன்று வருடம் கழித்து இங்கே, சரளையில்,
விளங்குகிறது.

சிரிப்பு நிற்கவில்லை.
தலையில் அடியோ என்று உலிசெஸ்
என் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எண்ணெய் அடியில் இறங்கட்டும் என்று
ஐந்து நிமிடம் விட்டேன்.
மூன்றாவது முயற்சியில்
இருமலோடு எழுந்தது,
கொஞ்சம் வெள்ளைப் புகை,
பிறகு அதே பழைய குரல்.

நடு ஏரிக்கு வந்ததும்
முழங்கால் தன் பங்கைக் கேட்டது.
கீழ்த்தளத்தில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்தேன்:
பிளம் பழம் அளவு, பிளம் பழ நிறம்.
அவ்வளவு கீறலையும் தேடித் தேடி எண்ணியவள்
இதை மட்டும் எண்ணவில்லை.

கட்டுக்கயிற்றை இறுக்க வந்த படகுப் பையன்
என் காலைப் பார்த்தான்,
கிளட்ச் பிடியைப் பார்த்தான்.
"காற்று" என்றேன்.
வட்டச் சன்னலுக்கு வெளியே
அசையாமல் கிடந்த ஏரியை
ஒரு முறை எட்டிப் பார்த்தான்.
இந்த ஊர்ப் பையன்.
"ஆமாம், இன்றைக்குக் கொஞ்சம் பலமாகத்தான்" என்றான்,
முடிச்சைப் போட்டுக்கொண்டே.